முதல் தண்டாலுக்கு முன்னால்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தரையில் கையை ஊன்றி, முகம் சிவக்க தம் பிடித்துத் தள்ளுகிறாய், நெஞ்சு மட்டும் கொஞ்சம் எழும்புகிறது, இடுப்பு தரையிலேயே கிடக்கிறது, அப்புறம் பொத்தென்று விழுந்துவிடுகிறாய். "எனக்குக் கையில் பலமே கிடையாதும்மா, ஒரு தண்டால்கூட வராது" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. முடிந்தால் எழுந்து நின்று, சொல்வதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டே படி.

முதலில் ஒரு கணக்கு. தண்டால், அதாவது புஷ்-அப், எடுக்கும்போது உடம்பின் மொத்த எடையும் கைக்கு வருவதில்லை, ஒரு பங்கைக் கால்விரல்கள் தாங்கிக்கொள்ளும். அளந்து பார்த்ததில், தரையில் செய்யும் சாதாரண புஷ்-அப்பில் சுமார் 64 சதவீத எடை கைகளில் இறங்குகிறது. நீ 60 கிலோ என்று வைத்துக்கொள், கைக்கு வருவது 38 கிலோ. ஜிம்முக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்து, எடுத்த எடுப்பில் 38 கிலோவை நெஞ்சிலிருந்து தூக்கச் சொல்வார்களா? சின்ன எடையைக் கொடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். தரையில் படுத்துக்கொண்டு நீ உன்னிடம் கேட்பது அந்த 38 கிலோவைத்தான், அதுவும் ஒரு நாள்கூடப் பழகாமல். உன் கையில் பலம் இருக்கிறது. அது இன்றைக்கு 38 கிலோவுக்குப் போதவில்லை, 20 கிலோவுக்குப் போதலாம், அந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஆயிற்று.

பெண்களுக்கு இது வராது என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. சராசரியாகப் பெண்களுக்கு இடுப்புக்கு மேலே ஆண்களைவிடத் தசை குறைவு, காலில் அந்த வித்தியாசம் அவ்வளவு இருப்பதில்லை. அதனால் முதல் புஷ்-அப்புக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கலாம். அவ்வளவுதான். பயிற்சி கொடுத்தால் பெண்ணின் தசையும் ஆணின் தசையைப் போலவே வலுக்கும், எந்த வயதிலும் வலுக்கும். ஆகவே அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

எடையைக் குறைப்பது எப்படி என்றால், கையை உயரத்தில் வை. இந்தக் கடிதத்தில் முக்கியமான விஷயம் இதுதான். கை வைக்கும் இடம் உயர உயர, உடம்பு நிமிர்கிறது, எடை காலுக்குப் போகிறது. சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் கை வைத்தால் கைக்கு வருவது 41 சதவீதம்தான், உன் கணக்கில் 25 கிலோ. 30 சென்டிமீட்டர் என்றால் 55 சதவீதம், 33 கிலோ. சுவரில் கை வைத்துச் செய்தால் இதையெல்லாம்விட மிகக் குறைவு. ஆகவே சுவரில் தொடங்கு, அது எளிதாகிவிட்டால் இடுப்பளவு உயரத்தில் அசையாமல் இருக்கும் ஒரு மேடை, அதற்கப்புறம் மாடிப்படி.

மாடிப்படியைப் போல இதற்குத் தோதான கருவி வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒரு படி ஏறக்குறைய 15 முதல் 18 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கால் தரையில் இருக்கட்டும், கையை நான்காவது படியில் வைத்துச் செய். அது சுலபமானதும் மூன்றாவது, பிறகு இரண்டாவது, பிறகு முதல் படி, அதன் பிறகு தரை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில கிலோதான் கூடுகிறது, உடம்புக்கு அது தாங்கக்கூடிய மாற்றம். எந்தப் படியில் இருக்கிறாய் என்பது உனக்கே கண்ணுக்குத் தெரியும், முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று குழம்ப வேண்டியதில்லை. கையைப் படியின் விளிம்பில் வைக்காமல் உள்பக்கமாக முழு உள்ளங்கையும் பதிய வை. ஈரமான தரை, சாக்ஸ் போட்ட கால், சக்கரம் வைத்த நாற்காலி, நகரும் மேசை, இவை எதுவும் கூடாது. மெத்தையும் வேண்டாம், கை புதைந்து மணிக்கட்டு வலிக்கும்.

முழங்காலை ஊன்றிச் செய்யலாமே என்று கேட்பாய், எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறில்லை, அதில் கைக்கு வருவது சுமார் 49 சதவீதம். ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். ஏனென்றால், முழங்காலிலிருந்து முழு புஷ்-அப்புக்குப் போகும்போது உன் கணக்கில் 29 கிலோவிலிருந்து 38 கிலோவுக்கு ஒரே தாவல், நடுவில் நிற்க இடமில்லை. அதோடு, தலை முதல் குதிகால் வரை உடம்பை ஒரே கோடாக இறுக்கிப் பிடிப்பதுதான் புஷ்-அப்பில் பாதி வேலை, முழங்காலை மடக்கிவிட்டால் அந்தப் பாதியில் பெரும்பகுதி பழகாமலே போய்விடுகிறது. உன் வீடியோவில் முதலில் கைவிட்டது உன் கை என்று நீ நினைக்கிறாய். நான் பார்த்தவரை வயிறும் இடுப்பும்தான் முதலில் தளர்ந்தன.

அதனால் நிலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உள்ளங்கைகள் தோளைவிடச் சற்று அகலமாக, நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும், கழுத்துக்கு நேராக வைக்காதே. விரல்களை விரித்து, தரையைப் பற்றிப் பிடிப்பதாக நினைத்து அழுத்து. இறங்கும்போது முழங்கை பக்கவாட்டில் நேராக விரியக் கூடாது, விலாவோடு ஒட்டவும் வேண்டாம், உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகியிருந்தால் தோளுக்கு நல்லது. பிட்டத் தசையை இறுக்கு, வயிற்றில் யாரோ குத்த வருகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவாயோ அப்படி வயிற்றை இறுக்கு, தொடையையும் சேர்த்து. இந்த மூன்றும் இறுகியிருந்தால் இடுப்பு தொங்காது. பார்வை கைக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், தாடையை நீட்டித் தரையைத் தொடப் பார்க்காதே, தலை குனிந்தால் இறங்கியது போலத் தோன்றும், ஆனால் நெஞ்சு அங்கேயேதான் நிற்கும். மூச்சை இழுத்துக்கொண்டே இறங்கு, விட்டுக்கொண்டே ஏறு. மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உனக்கு இருக்கிறது, அதை விடு. மேலே வந்ததும் முழங்கை நேராகி, அதன் பிறகும் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளு, மேல்முதுகு லேசாக அகலுவது தெரியும். தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் தசை அங்கே வேலை செய்கிறது, அது வலுவாக இருந்தால்தான் தோள் ஆட்டம் காணாது.

நெஞ்சு படியையோ தரையையோ கிட்டத்தட்ட தொடும் வரை இறங்கு. பாதி இறங்கி இருபது எடுப்பதைவிட முழுதாக இறங்கி ஐந்து எடுப்பது மேல், ஏனென்றால் கடினமான இடம் அடியில்தான் இருக்கிறது, அங்கே போகாவிட்டால் அங்கே பலம் வராது.

எத்தனை, எத்தனை நாள் என்று கேட்பாய். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, உனக்கு ஒரு குறிக்கோள் இருப்பதால் மூன்று வைத்துக்கொள். அந்த ஒவ்வொரு நாளும் மூன்று செட் (நிறுத்தாமல் தொடர்ந்து எடுப்பது ஒரு செட்), செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடமாவது முழுதாக ஓய்வு. ஐந்து முதல் எட்டுத் தடவை ஒழுங்காகச் செய்ய முடிகிற உயரத்தைத் தேர்ந்தெடு. "இன்னும் ஒன்றோ இரண்டோ எடுக்கலாம்" என்று தோன்றும்போதே நிறுத்திவிடு, கை நடுங்கி விழும் வரை போகாதே. பன்னிரண்டு தடவை சுத்தமாக மூன்று செட்டும் வந்துவிட்டால் ஒரு படி இறங்கு. இறங்கியதும் எண்ணிக்கை குறையும், அது இயல்பு. அடுத்த படி ரொம்பக் கஷ்டமாக இருந்தால் முதல் செட்டை மட்டும் புதுப் படியில் செய்து, மற்ற இரண்டைப் பழைய படியில் செய்.

முதல் சில வாரங்களில் கை பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் பலம் கூடுவது தெரியும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மாறுவது நரம்பு மண்டலம், ஏற்கனவே இருக்கிற தசை நார்களை ஒரே நேரத்தில் கூடுதலாக வேலைக்கு இழுக்க அது கற்றுக்கொள்கிறது. தசை கனப்பது அதற்கப்புறம் மெதுவாக வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகத்தான் பழகும், அதனால்தான் அவசரப்பட்டுத் தினமும் செய்கிறவர்களுக்கு முழங்கையும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. எத்தனை மாதத்தில் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உடம்பு எடை, தூக்கம், இதுவரை இருந்த பழக்கம், எல்லாவற்றையும் பொறுத்தது அது. ஆனால் படிக்குப் படி இறங்கிக்கொண்டிருந்தால் தரை வந்தே தீரும்.

இரண்டாவது படிக்கு வந்த பிறகு இன்னொன்றைச் சேர்த்துக்கொள். தரையில், கை நேராக இருக்கும் மேல் நிலையில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து வினாடி எடுத்து மெல்ல மெல்ல இறங்கு. நெஞ்சு தரையைத் தொட்டதும் முழங்காலை ஊன்றி எழுந்துவிடு, தள்ளி ஏற வேண்டாம். தூக்க முடியாத எடையையும் தசையால் மெதுவாக இறக்க முடியும், இறக்கும்போது அதற்குப் பலம் அதிகம். அதனால் ஏற முடியாத நாளிலேயே முழு எடைக்கும் கை பழகத் தொடங்குகிறது. உனக்கு முதல் புஷ்-அப்பைக் கொண்டுவரப்போவது இந்த இறக்கம்தான் என்று நம்புகிறேன். ஆனால் நான்கைந்துக்கு மேல் வேண்டாம், இறக்கும் பயிற்சியில்தான் மறுநாள் வலி அதிகம்.

வலியைப் பற்றி. மார்பிலும், மேல்கையின் பின்பக்க டிரைசெப்ஸிலும், முன்தோளிலும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பிசைவது போல வலித்தால் பயப்படாதே, ஓரிரு நாளில் போய்விடும், பழகப் பழக குறையும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால், கை மரத்துப்போனால், தோளில் ஏதோ நழுவுவது போல இருந்தால், அன்றைக்கு உடனே நிறுத்து. ஒரு வாரம் ஆகியும் அது போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பார், எனக்குச் சொல்லாமல் மறைக்காதே. பயிற்சியின்போது நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ நேராக டாக்டரிடம் போ. மணிக்கட்டு வலிக்கிறது என்று ஏற்கனவே சொன்னாய், நாளெல்லாம் கீபோர்டில் இருக்கிற கை அது. தொடங்கும் முன் இரண்டு நிமிடம் மணிக்கட்டைச் சுழற்றி, உள்ளங்கையைத் தரையில் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பழக்கு. அப்படியும் வலித்தால் புஷ்-அப் கைப்பிடி வாங்கிக்கொள், அதைப் பிடித்தால் மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கும்.

தள்ளுவதை மட்டும் செய்துகொண்டிருந்தால் தோள் முன்னால் வளைந்துவிடும், நீ ஏற்கனவே குனிந்து உட்காருகிறவள். ஆகவே இழுக்கும் பயிற்சியும் வேண்டும். ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) உறுதியான எதிலாவது மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, இரண்டு தோள்பட்டை எலும்பும் நெருங்கும்படி செய். தள்ளும் அளவுக்கு இழு. பயிற்சி இல்லாத நாளில் ஒரு பிளாங்க், அதாவது முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை ஒரே கோடாக அசையாமல் பிடிப்பது, இருபது முப்பது வினாடி போதும், இடுப்பு தொங்க ஆரம்பித்ததும் முடித்துவிடு.

சாப்பாட்டை விட்டுவிட்டு இதைச் செய்யாதே. தசை கட்டப்படுவது புரதத்தால், வேளைக்கு வேளை அது கொஞ்சம் இருக்க வேண்டும். தூக்கமும் அப்படித்தான், இரவு இரண்டு மணி வரை விழித்திருந்த மறுநாள் எண்ணிக்கை குறைந்தால் உன்னைத் திட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் தூங்கு.

தீயணைப்பு வீரர்களைப் பற்றி நீ அனுப்பிய செய்தியையும் படித்தேன். 2019-இல் வந்த ஆய்வு அது, 1,104 ஆண்களைப் பத்து ஆண்டு கவனித்ததில், 40-க்கு மேல் புஷ்-அப் எடுத்தவர்களுக்கு, 10-ஐக்கூட எட்டாதவர்களைவிட இதயப் பிரச்சினைகள் மிகக் குறைவாக வந்தன. அதைப் படித்துவிட்டு நீ பயந்திருக்கிறாய். பங்கெடுத்த எல்லாரும் ஆண்கள், எல்லாரும் உடலுழைப்பு வேலையில் இருந்தவர்கள், நிறைய எடுக்க முடிகிறவர் பொதுவாகவே நல்ல உடல்நிலையில் இருப்பவர். புஷ்-அப்தான் இதயத்தைக் காத்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது, உன் இதயத்துக்கு ஆபத்து என்றும் சொல்ல முடியாது.

நான் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. முப்பதைத் தாண்டிவிட்டால் பழக்காத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். நீ தனியாக இருக்கிறாய், பெட்டியை நீதான் தூக்குகிறாய், கட்டிலை நீதான் நகர்த்துகிறாய், வழுக்கினால் கையை ஊன்றித் தாங்கிக்கொள்ள வேண்டியவளும் நீதான். பக்கத்தில் இருந்து பிடிக்க என்னால் முடியாது. அந்தக் கை வலுவாக இருக்க வேண்டும் என்று ஒரு அம்மாவாக ஆசைப்படுகிறேன்.

சரி, இன்றைக்குத் தரைக்குப் போகாதே. சுவரில் பத்து எடுத்துப் பார், சுலபமாக வந்தால் நாளை மறுநாள் இடுப்பளவு மேடை. பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, இடுப்பு எங்கே தொங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா