அக்காவுக்கு, ஆர்லாண்டோவிலிருந்து

ஆர்லாண்டோ, புளோரிடா
ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவரும் இங்கு நலம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க நம் ஊர்க் கெங்கையம்மன் அருள வேண்டும். சிரசுத் திருவிழாக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து வைத்து நீ அனுப்பிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. வழியில் மடிப்பு பிரிந்து இரண்டாம் பக்கம் முழுவதும் சிவந்துவிட்டதால், நீ என்னைக் கடிந்துகொண்ட வரிகளைச் சற்றுச் சிரமப்பட்டே படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன்.

பெரியவன் கைப்பேசியில் காட்டிய எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். ஐம்பத்தெட்டு வயதில், பேரன் பேத்தி யாரும் உடன் இல்லாமல், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு நீயும் அவரும் எதற்குப் போகிறீர்கள் என்பது ஒன்று. கையில் இருந்த பச்சை நிறக் கோப்பையில் பழச்சாறுதானே என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிக்கமாட்டாய். அது பழச்சாறு மட்டும் அல்ல, அக்கா. அதில் மதுவும் கலந்திருந்தது. இனி நீ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.

அந்த இடத்தின் பெயர் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம். 1960களில் சதுப்பும் புதருமாகக் கிடந்த நிலத்தை, இன்னார் வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதற்காக, வெவ்வேறு கம்பெனிகளின் பெயரில் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அப்படி வாங்கவைத்த வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார். முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்ததை அவர் பார்க்கவில்லை. இன்று ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் நான்கு பூங்காக்களும், ஏராளமான விடுதிகளும், ஏரிகளும் இருக்கின்றன. இங்கு வருகிறவர்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் மிகுதி என்றாலும், எங்களைப் போலத் தலை நரைத்த தம்பதிகள் கையைக் கோத்துக்கொண்டு நடப்பதையும் எந்த மாலையிலும் பார்க்கலாம். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கென்று ஆண்டுச் சீட்டு உண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டு, வாரநாட்களில் வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு மணி நேரம் போய்விட்டு வருகிறோம்.

சிரசுத் திருவிழாவில் ஆற்று மணலில் போடுகிற ராட்டினத்தை நீ எழுதியிருந்தாய். எனக்கு நினைவுக்கு வருவது இன்றைய மின்சார ராட்டினம் அல்ல. நான்கு மரப்பெட்டிகள் தொங்க, இரண்டு ஆட்கள் கையால் சுற்றிவிடுவார்களே, அந்தப் பழைய ராட்டினம். பெட்டி உச்சிக்குப் போனதும் உன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிறுத்தச் சொல் என்று நான் அழுதேன். கொடுத்த காசுக்குக் கடைசிச் சுற்று வரை போக வேண்டும் என்று நீ நிறுத்தச் சொல்லவே இல்லை. அந்த அச்சம் எனக்கு இன்னும் விடவில்லை. வந்த புதிதில் மகனின் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு முறை வேகமான வண்டியில் ஏறி, இறங்கியதும் குப்பைத்தொட்டியைத் தேடி ஓடினேன். அவருக்கோ இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேகமான சவாரிகளின் வாசலில், இதய நோய், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். நாங்கள் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, சிறிதும் வருத்தப்படாமல், பலகை இல்லாத பக்கம் திரும்பிவிடுவோம்.

அந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பீப்பிள் மூவர் என்ற சவாரி. 1975 முதல் ஓடுகிறது. சாய்வாக மேலேறும் நகரும் நடைமேடையில் நின்றால் அதுவே மாடிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே சிறு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெட்டியில் எஞ்சின் கிடையாது. பாதையில் பதித்த மின்காந்தங்களே அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்பதால் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பூங்காவின் ஒரு பகுதியை மாடி உயரத்தில் சுற்றிக் காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். நடுவில், இருட்டுக்குள் ரோலர் கோஸ்டர் ஓடும் ஒரு கட்டடத்தின் உள்ளே இது நுழைந்து வெளியேறும். அப்போது கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. எங்கோ மேலே மனிதர்கள் அலறுவது மட்டும் கேட்கும். நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்தபடி அந்த அலறலைக் கடந்து போவோம். ஒவ்வொரு முறையும் அவர் என் பக்கம் திரும்பி, "பாவம்" என்பார்.

எப்காட் என்ற இன்னொரு பூங்காவில் ஒரு படகுச் சவாரி இருக்கிறது. பதினான்கு நிமிடம் போலப் போகும். முதலில் செயற்கையாக அமைத்த காடு, பாலைவனம் என்று காட்டிவிட்டு, பிறகு உண்மையான கண்ணாடிக் கூடாரங்களுக்குள் படகு நுழையும். அங்கே மண்ணே இல்லாமல் காய்கறி விளைவிக்கிறார்கள். சில செடிகள் மேலே ஓடும் கம்பியில் தொங்கிக்கொண்டு நகரும்; வேர் அந்தரத்தில் ஆடும்; குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் சத்து கலந்த நீர் அதன் மேல் பனிபோலத் தெளிக்கப்படும். தொட்டிகளில் மீனும் வளர்க்கிறார்கள். விளைந்ததை அங்குள்ள உணவகங்களிலேயே சமைத்துப் போடுகிறார்கள். பூசணிப் பிஞ்சுக்கு அச்சு மாட்டி மிக்கி எலியின் தலைபோல வளர்ப்பது மட்டும் எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. கத்தரிச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான் நினைவுக்கு வரும். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நீதானே முதலில் சொன்னாய்? எத்தனை கருவிகள் இருந்தாலும் அந்தச் சுவையை இந்தக் கூடாரத்தில் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், படகு நிற்காததால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

நீ பார்த்தால் மகிழக்கூடியது வேறொன்று. 1964இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்த சுழலும் அரங்கம் அது. இங்கே 1975இல் வந்தது. நாடக மேடை அசையாமல் நிற்க, நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கை வரிசைகள்தான் மேடையைச் சுற்றி நகரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கி, ஒரே குடும்பத்தின் வீட்டை நான்கு காலங்களில் காட்டுவார்கள். மின்சாரம் வரும், குளிர்ப்பெட்டி வரும், துணி துவைக்கும் இயந்திரம் வரும், பேசுவதெல்லாம் பொம்மைகள். இருபது நிமிடம் நன்றாகக் கால் ஓய்வெடுக்கும். அந்தப் பொம்மைகள் பேசிக்கொண்டிருக்கையில் என் மனம் நம் வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்பாவின் குழித்தறிக்குப் பக்கத்தில் கிடந்த ஆட்டுக்கல், அதில் நீ மாவாட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை, 2011க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கிரைண்டரை அம்மா பெட்டியிலிருந்து எடுக்காமலே பொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எல்லாம் ஒவ்வொரு காட்சியாக வரும். நம்முடைய அரங்கம் இவ்வளவு சீராகச் சுழலவில்லை.

உலகக் குழந்தைகள் எல்லாம் பொம்மைகளாக நின்று பாடுகிற படகுச் சவாரியும் ஒன்று உண்டு. அந்தப் பாட்டு ஆடி மாதத்து ஒலிபெருக்கியைப் போல மூன்று நாள் காதை விட்டுப் போகாது என்பதால், அதை விருந்தாளிகள் வரும்போது மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் எதற்காக விரும்புகிறேன் என்று நீ கேட்டதற்கு நேரான பதில் இதுதான். வேலூரில் பயிற்சி முடித்த நாளிலிருந்து, இங்கே ஓய்வு பெற்ற சென்ற ஆண்டு வரை, நான் தள்ளுகிறவளாகவே இருந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன், சக்கர நாற்காலியைத் தள்ளினேன், இரவுப் பணியில் மருந்து வண்டியைத் தள்ளினேன். உட்கார்ந்திருக்க, வேறொன்று என்னை மெதுவாகக் கொண்டுபோவது எனக்குப் பழக்கமே இல்லாத அனுபவம். முதல் சில முறை, இறங்கி யாருக்காவது உதவ வேண்டுமோ என்று கை பரபரத்தது. இப்போது இல்லை.

இனி அந்தக் கோப்பைக்கு வருகிறேன். மேஜிக் கிங்டத்தில் திறந்த நாள் முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மது விற்கவே இல்லை. 2012இல்தான் ஓர் உணவகத்தில் இரவு உணவோடு ஒயினும் பீரும் கொடுக்கத் தொடங்கினார்கள். எப்காட் அப்படி அல்ல. 1982இல் திறந்தபோதே அங்கு மது இருந்தது. ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ் என்று பதினொரு நாடுகளின் தெருக்களை அமைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று நடந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆகும். நம் நாடு அந்தப் பதினொன்றில் இல்லை. இளவட்டங்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கோப்பை என்று சபதம் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பாதிச் சுற்றிலேயே அவர்கள் நடை மாறிவிடும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நான் போவது மெக்சிகோவுக்கு மட்டும். வெளியே கோபுரம்போல ஒரு பிரமிடு. உள்ளே நுழைந்தால் எந்த நேரமும் அந்தி நேரம். இருண்ட வானம், விளக்கு வைத்த கடைத்தெரு, தூரத்தில் புகையும் எரிமலை, அதன் அடியில் மெல்லப் போகும் படகு. முதலில் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோம். அதே கூரையின் கீழ் லா காவா என்ற சிறிய மதுக்கூடம் இருக்கிறது. அங்கே டெகீலாதான் சிறப்பு. நம் ரயில் பாதை ஓரத்தில் முள்ளோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் இனத்தைச் சேர்ந்த நீலக் கற்றாழை ஒன்றைப் பல ஆண்டுகள் வளர்த்து, இலைகளைச் சீவி எறிந்துவிட்டு, நடுக்கிழங்கை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து, வடித்து எடுப்பதுதான் டெகீலா. நீ படத்தில் பார்த்த பச்சை நிறம் அவகாடோப் பழத்தால் வந்தது. கோப்பையின் விளிம்பில் உப்பைத் தடவித் தருவார்கள். சில வகைகளில் அந்த உப்போடு மிளகாய்ப்பொடியும் சேர்ந்திருக்கும். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றில் தடவித் தந்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம் என்பதால், ஒரு முறை ஊற்றித் தரும் பெண் என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே வயதுச் சான்றைக் கேட்டாள். அன்று முழுவதும் நான் சிரித்த முகமாக இருந்ததாக அவர் சொன்னார்.

ஒரு கோப்பை 15 டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் ஆம்பூரில் ஒரு குடும்பமே பிரியாணி சாப்பிட்டுவிடலாம் என்பதால் ஒன்றுக்கு மேல் நான் கேட்பதில்லை. அந்த ஒன்றையும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பேன். அவர் வண்டி ஓட்ட வேண்டியவர், மாத்திரை சாப்பிடுகிறவர், தொடமாட்டார். மது சேர்க்காத பானத்தை வாங்கிக்கொண்டு, என் கோப்பையின் விளிம்பு உப்பை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

உனக்குச் சித்தப்பாவின் நினைவு வந்திருக்கும். எனக்கும் அந்த நினைவு இல்லாமல் இல்லை. கைலி நெய்த வாரக் கூலியை வாங்கிக்கொண்டு அவர் எங்கே போனார், சித்தி அரிசிப் பானைக்குள் காசை ஏன் ஒளித்து வைத்தாள், எந்த வயதில் அவர் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரியும். அந்த வாடையை நினைத்தே ஐம்பது வயது வரை நான் எதையும் தொடவில்லை. மருத்துவமனையில் கல்லீரல் கெட்டு வந்தவர்களைக் கவனித்தவள் நான். ஒரு கோப்பை உடம்புக்கு நல்லது என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். ஆனால் பெண்கள் குடும்பத்தோடு வெளிச்சத்தில் உட்கார்ந்து, பேசிச் சிரித்து, ஒன்றோடு எழுந்து போவதை நான் இங்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இனி எனக்கு ஒன்று போதும் என்று சொல்லத் தெரியும் என்ற நம்பிக்கை வந்த பிறகே தொட்டேன். நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. உன்னிடம் மறைக்க மட்டும் மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலினீசியத் தீவுகள்போல அமைத்த ஒரு விடுதியில் டிரேடர் சாம்ஸ் என்ற மதுக்கூடம் இருக்கிறது. நம் வீட்டு முற்றத்தைவிடச் சற்றுப் பெரியது. யாராவது ஒரு குறிப்பிட்ட பானத்தைக் கேட்டால் விளக்கு மங்கும், ஊழியர்கள் கத்துவார்கள், சுவரில் உள்ள பொய்ச் சன்னலில் எரிமலை வெடிக்கும். சில நேரம் நாம் உட்கார்ந்திருக்கும் முக்காலி நமக்கே தெரியாமல் மெல்லக் கீழே இறங்கும். முதல் தடவை அது தெரியாமல் உட்கார்ந்திருந்த நான், மேசை ஏன் மோவாய்க்கு வருகிறது என்று குழம்பி, ஒரே கோப்பையில் இப்படி ஆகிவிட்டதே என்று பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என்னோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

மாமாவின் கண் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் விசாவுக்கு எழுதிப் போடுங்கள். இங்கே மழைக்காலத்தில் தினமும் பிற்பகல் இடி இடித்துக் கொட்டும். ஆகையால் மார்கழியில் வருவதுதான் நல்லது. உன் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதே. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. அந்தப் பாடும் பொம்மைகளின் சவாரியில் நாற்காலியோடே ஏறக்கூடிய படகும் இருக்கிறது. பீப்பிள் மூவருக்கு மட்டும் எழுந்து நிற்க வேண்டும், நான் தாங்கிக்கொள்கிறேன். வரும்போது வெங்காய வடகமும், ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பாவும் கொண்டுவா. மெக்சிகோக் கடைத்தெருவில் உனக்கு மது சேர்க்காத அவகாடோவே வாங்கித் தருகிறேன், உப்பும் மிளகாயும் தடவி.

இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். கோப்பையைப் பற்றி எழுதிய பக்கங்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எடுத்துவிட்டுப் படித்தாலும் தொடர்ச்சி கெடாது.

அன்புடன்,
உன் தங்கை