பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கிணற்றடி நார்த்தை இந்த வருஷம் நிறையக் காய்த்தது. உப்பில் போட்டு உனக்கென்று ஒரு ஜாடி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

சின்னவன் போன வாரம் வந்து போனான். அக்கா இப்போதெல்லாம் எதற்கும் போனில் காசு சுண்டித்தான் முடிவெடுக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னான். தோசையா சப்பாத்தியா, பஸ்ஸா ஆட்டோவா. சரி, அதில் எது விழுந்தாலும் நஷ்டமில்லை. அவன் வேறொன்றும் சொல்லவில்லை, அவனைக் கோபிக்காதே. ஆனால் பெரிய விஷயத்துக்குச் சுண்டாதே அம்மா. வேலை மாதிரி விஷயத்துக்கெல்லாம் சுண்டாதே. வேலை எப்படிப் போகிறது? நாலு வாரமாக நீ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நீ ஏழாவது படிக்கும்போது உத்திரமேரூர் போனோமே. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு, “அப்போ சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தாங்களாப்பா?” என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியாரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். ஆனால் உனக்குப் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன் போலிருக்கிறது. சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. ஊரில் 30 குடும்புகள், இப்போதைய வார்டு மாதிரி. ஊர்க் காரியம் பார்க்கும் வாரியத்துக்குப் பெயர் எழுத எத்தனை கட்டுப்பாடு! வயது 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் நிலம், அந்தக் கால அளவில், கால் வேலிக்கு மேல். வீடு சொந்த மனையில். கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர் பெயரும் ஓலை போடும் குடத்துக்குள் போகாது. இவ்வளவும் சலித்த பிறகுதான் ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். எந்த ஓலை வந்தாலும் ஊருக்குக் கெடுதல் இல்லை என்றான பிறகு.

நீ சலித்தாயா பாப்பா? உனக்கு யோசிக்கத் தெரியாதா? சித்தப்பா வீட்டு நிலத் தகராறில் பெரியவர்களே திணறியபோது, பத்திரத்தைப் படித்து வழி சொன்னவள் நீ. அப்படிப்பட்டவள் எதற்குக் காசைக் கேட்க வேண்டும்?

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டியது வேறு.

நீ பன்னிரண்டாவது முடித்ததும் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்தது வெள்ளை. சிவப்பு வந்தால்தான் கோயம்புத்தூர் என்று நினைத்துக்கொண்டதாக உன்னிடம் சொன்னேன். அது பொய். வெள்ளை வந்தால் உன்னை அனுப்புவது என்றுதான் வேண்டிக்கொண்டேன். பிரித்துப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம், விடுதி, தனியாக நீ. வாயில் வந்ததை மாற்றிச் சொல்லிவிட்டேன். “சாமியே சொல்லிடுச்சேப்பா” என்று அந்தப் பூவைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அன்றைக்கு நான் முடிவெடுத்துவிட்டுச் சாமி மேல் போட்டேன். நீ காசு சுண்டுவதாகச் சின்னவன் சொன்னதும் எனக்கு அந்தப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

வேலையை விட்டிருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் சொல். திட்ட மாட்டேன். வாடகைக்குப் பணம் வேண்டுமென்றால் கேள்.

நார்த்தங்காய் ஜாடியைக் கூரியரில் அனுப்பவா, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா? நீயே யோசித்துச் சொல்.

அப்பா