கொல்லம் 1200: எங்க கம்ப்யூட்டர் மன்றத்து ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும், பின்னாடி நின்னுட்டு சாயா வந்தாச்சான்னு எட்டிப் பாக்குற உறுப்பினர்களுக்கும் தனித்தனியா வணக்கம். 2024 ஆகஸ்ட் 17, நமக்கு ஆவணி 1, களியக்காவிளை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்துல சிங்ஙம் 1, அண்ணைக்குத் தொடங்குன கொல்லம் ஆண்டு 1200 நேத்தோட, அதாவது 2025 ஆகஸ்ட் 16-ஓட, முடிஞ்சு. அந்த ஒரு வருசத்துல நாம என்ன பண்ணோம்னு சொல்றது தான் செயலாளர் வேல. உள்ளதச் சொன்னா, பேசுனோம். நாலு பேருக்கு பழைய லேப்டாப் ரிப்பேர் பண்ணிக் குடுத்தோம், ஒரு ஸ்கூல்ல, விண்டோஸ் மாதிரி தான் ஆனா இலவசமாக் கெடைக்கிற லினக்ஸ் போட்டுக் குடுத்தோம், மிச்ச நேரம் பூரா பேச்சு தான். அதனால இந்த அறிக்கை பேசுனதப் பத்தி தான், சாதனைப் பட்டியல் எதிர்பாத்து வந்தவங்க இப்பவே பழம்பொரி பக்கம் போலாம்.

முதல் கூட்டத்துலயே சண்ட. புரோகிராமர் தம்பி உள்ள வரும்போதே "புது நூற்றாண்டு வாழ்த்துக்கள்"ன்னு சொல்லிட்டான், அவ்வளவு தான், ரிட்டயர்டு கணக்கு சாரு கண்ணாடியக் கழட்டிட்டாரு. "எங்க டே நூற்றாண்டு? கொல்லம் தொடங்குனது கி.பி. 825-ல, முதல் வருசம் ஒண்ணு, சைபர் இல்ல, நூறு வருசம் முடியணும்னா 1200 முடியணும், 1201-ல தான் நூற்றாண்டு"ன்னாரு. தம்பி விடல. சி புரோகிராம் மொழியில அரே, அதாவது டப்பா வரிசை, சைபர்ல தான் தொடங்கும் சார், மொத டப்பாவுக்கு நம்பரே சைபர் தான்னான். சாரு காலேஜ்ல பஞ்ச் கார்டு அடிச்சு ஃபோர்ட்ரான் படிச்சவரு, ஃபோர்ட்ரான்ல அரே ஒண்ணுல தான் தொடங்கும், ஒங்க சி வந்து தான் ஊரக் கெடுத்துட்டுன்னாரு. ஒன்றரை மணி நேரம். 2000-மா 2001-ஆன்னு உலகமே அடிச்சுக்கிட்ட அதே சண்ட தான், நாம 24 வருசம் கழிச்சு கொல்லம் கணக்குல போட்டோம். போன வருசம் தம்பி கட்சிக்கு ஒரு கேக் வெட்டியாச்சு, இண்ணைக்கு சாரு கட்சிக்கு இன்னொண்ணு வெட்டப் போறோம், ரெண்டும் மன்றக் கணக்குல ஏறியிருக்கு, பொருளாளர் முகத்தப் பாத்தாலே தெரியும்.

எடிட்டர் சண்ட, அதாவது புரோகிராம் அடிக்க விஐ-யா ஈமேக்ஸா, அது வழக்கம் போல நடந்து வழக்கம் போல ஒண்ணும் ஆகல. ஆனா அதுல ஒரு கிளை முளைச்சுது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தத் தொடங்குன ரிச்சர்ட் ஸ்டால்மன் ஈமேக்ஸ்காரரு, தலையில பழைய ஹார்ட் டிஸ்க் தட்ட ஒளிவட்டம் மாதிரி வச்சுக்கிட்டு புனித இக்னூசியஸ்னு வேசம் கட்டி ஜோக் அடிப்பாரு, ரோமன் கணக்குல விஐ விஐ விஐ-ன்னா 666, அது பைபிள்ல வர்ற மிருகத்தோட நம்பர்னு சொல்லுவாரு. இத தம்பி எடுத்து விட்டான். நம்ம சபை அண்ணன் கோவிச்சுக்குவாருன்னு நான் பயந்தேன், அவரு சிரிச்சாரு. சிரிச்சுட்டு, "ஜோக் சரி, ஆனா பார்கோடுல நெசமாவே 666 இருக்குன்னு கன்வென்சன்ல ஒரு பிரசங்கி சொன்னாரு, அது உண்மையா பொய்யா, அதச் சொல்லுங்க"ன்னு கேட்டாரு பாருங்க, அது கேள்வி.

பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு வாங்கி மேசையில வச்சு பாத்தோம். பார்கோடுல ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் கொஞ்சம் நீளமா ரெண்டு ரெண்டு மெல்லிசு கோடு இருக்கும், அது எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு ஸ்கேனருக்குக் காட்டுற எல்லக்கோடு. வலது பக்கத்துல 6-ங்கிற எண்ணும் ரெண்டு மெல்லிசு கோடு தான், பாத்தா அச்சு அசல். ஆனா ஒரு எண்ணுக்கு ஏழு கட்டம் இடம் வேணும், 6-க்கு அந்த ரெண்டு கோட்டுக்குப் பொறவு நாலு கட்டம் வெறும் வெள்ளை. ஓரத்து எல்லக்கோடு மொத்தமே மூணு கட்டம், நடுவுல உள்ளது அஞ்சு. ஆக அது எண்ணே இல்ல. சபை அண்ணன் ஸ்கேல வச்சு அவரே அளந்து பாத்துட்டு சரின்னாரு. அடுத்த ஞாயிற்றுக்கிழம சபையில சொன்னாராம், பாதிப் பேர் நம்பல, "அளந்து பாத்தவன நம்பாம கேட்டவன நம்புதாங்க"ன்னு வருத்தப்பட்டாரு. இந்த வருசம் நடந்த விவாதத்துல எனக்குப் பிடிச்சது இது தான், ஏன்னா பாக்கெட் மேசையில இருந்துச்சு.

மார்ச்சுல சனி. இதச் சொல்லாம தீராது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருசம் வித்தியாசம். திருநள்ளாறு கோயில்ல வாக்கியம் தான், அதனால 2025 மார்ச்சுல பெயர்ச்சி இல்லன்னு அவங்களே அறிவிச்சாங்க. இங்க என்ன ஆச்சுன்னா, நம்ம பொருளாளருக்கு மீன ராசி, டிரைவர் அண்ணனுக்கும் மீனம், ஒருத்தரு வீட்டுல திருக்கணிதம் ஒருத்தரு வீட்டுல வாக்கியம், ஒருத்தருக்கு ஜென்மச் சனி வந்தாச்சு இன்னொருத்தருக்கு இன்னும் வரல. தம்பி எளக்காரமா, "ரெண்டு சாஃப்ட்வேர் வெர்சன், பழசு அப்டேட் ஆகல, சவத்தத் தள்ளுங்க"ன்னான். அங்க தான் கணக்கு சாரு புடிச்சாரு.

சாரு சொன்னத நான் குறிச்சு வச்சேன். வாக்கியம்னா வெறும் மூடநம்பிக்கைன்னு நெனைக்காத, அது ஒரு கணக்கு முறை. நிலா எந்த நாள் எங்க இருக்கும்ங்கிறதுக்கு 248 வாக்கியம், வரருசி பண்ணுனதா மரபு, கேரளத்துலயும் நம்ம பக்கமும் மனப்பாடமாவே ஓடுனது. மொத வாக்கியம் "கீர்ன ஸ்ரேய". கடபயாதிங்கிறது எழுத்துக்கு எண்ணு குடுக்குற முறை, அதுல க-வரிசையில மூணாவது 'க' 3, 'ந' 0, 'ர' 2, 'ய' 1, திருப்பிப் போட்டா 1203, அதாவது 12 பாகை 3 கலை, ஒரு பாகைக்கு 60 கலை. மொத நாள் நிலா அவ்வளவு நகரும். இப்படியே 248 நாளுக்கு. தம்பி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சார் இது லுக்-அப் டேபிள்"ன்னான். கணக்க ஒவ்வொரு தடவையும் போடாம முன்னாடியே போட்டு வச்சுக்கிறது, அதையும் எழுதி வைக்காம வாயில வச்சுக்கிறது. சாரு விடாம 1825-க்குப் போனாரு. ஜான் வாரன்னு ஒரு வெள்ளைக்காரரு, பாண்டிச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணம் கணிக்கிறத நேர்ல பாத்து எழுதி வச்சிருக்காரு, அந்த மனுசன் ஒரு எண்ணு கூட எழுதல, தரையில சோழிய வச்சு நகத்தி நகத்தியே போட்டாரு. அந்த வருசம் மே 31 ராத்திரி கிரகணம், தொடக்கத்துல 4 நிமிசம், நடுவுல 23, முடிவுல 52 நிமிசம் தான் பிழை. தம்பிக்கு அண்ணைக்கு ராத்திரி தூக்கம் வரலியாம், சோழிய வச்சு புரோகிராம் எழுத முடியுமான்னு யோசிச்சுட்டே படுத்துருக்கான்.

ஆனா சாருக்கும் மறுப்பு வந்துச்சு, அதையும் பதிவு பண்ணணும், இல்லேன்னா ஒருதலைப்பட்சம்பாங்க. ஹார்டுவேர் கடை அண்ணன் ஸ்டெல்லேரியம்ங்கிற வானம் காட்டுற சாஃப்ட்வேர ப்ரொஜெக்டர்ல போட்டு சனி எங்க நிக்குதுன்னு காட்டுனாரு. வானத்துல இருக்கற எடத்த கணக்கு போட்டுச் சரி பாக்கலாம், வாக்கியத்துக்கு அடிப்படையான எண்கள் நூத்துக்கணக்கான வருசத்துக்கு முந்தி வச்சது, கொஞ்சம் கொஞ்சமா விலகித்தான் போகும். கேரளத்துலயே 1431-ல பரமேஸ்வரர்ங்கிற வானியல் அறிஞர் கிரகணங்களக் கண்ணால பாத்துப் பாத்து திருத்தி திருக்கணிதம் பண்ணுனாரே, பழச திருத்துறதும் நம்ம மரபு தானேன்னாரு. எனக்கு அது ஞாயமாப் பட்டுச்சு. அப்போ டிரைவர் அண்ணன் மெதுவா ஒண்ணு கேட்டாரு: "சனி அங்க நிக்குது, சரி. ஆனா மீனம் இங்க தொடங்குதுன்னு வானத்துல கோடு போட்டது யாரு?" யாருக்கும் பதில் இல்ல. சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ல இருந்து எண்ணுறது ஒரு கணக்கு, வேற எடத்துல இருந்து எண்ணுறவங்களும் உண்டு, ஸ்டெல்லேரியம் அதுக்கு ஒண்ணும் சொல்லாது. அந்த மாசம் சனியோட வளையமே நமக்கு விளிம்பக் காட்டித் திரும்பி நின்னுது, அதுக்கே நம்மகிட்ட பேச விருப்பமில்லன்னு ஒருத்தரு சொன்னாரு. ஜாதக சாஃப்ட்வேர் விக்கிறவங்க எந்த எண்ண வச்சு போடுறாங்கன்னு ஸ்கிரீன்ல ஒரு ஓரத்துலயாவது காட்டணும்னு நான் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன், 11-க்கு 4, நிறைவேறிச்சு. யாருக்கு அனுப்புறதுன்னு தான் தெரியல.

அடுத்தது ஓட்டு மெஷின். 2026-ல ரெண்டு பக்கமும் சட்டமன்றத் தேர்தல், பேச்சு வராம இருக்குமா. இதுல நம்ம பக்கத்து ஊருக்குத் தான் மூத்த பங்கு, இந்தியாவுலயே மொத மொதல்ல மெஷின்ல ஓட்டுப் போட்டது 1982-ல கேரளத்துல பறவூர்ல, 50 பூத்துல. கதைய கேளுங்க. இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை மெஷின் வேண்டாம்னு தேர்தலுக்கு முன்னாடியே ஹைகோர்ட்டுக்குப் போனாரு, நடக்கல, ஓட்டு எண்ணுனா 123 ஓட்டுல அவரே ஜெயிச்சாரு. இப்போ தோத்த காங்கிரஸ் ஏ.சி. ஜோஸ் மெஷின் செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போனாரு. 1984-ல சுப்ரீம் கோர்ட்டு, மெஷின் நல்லதா கெட்டதாங்கிறது வேற, சட்டத்துல மெஷினுக்கு எடமே இல்லன்னு சொல்லி, அந்த 50 பூத்துலயும் பேப்பர்ல மறு ஓட்டு, ஜோஸ் ஜெயிச்சாரு. தோக்குறவனுக்கு மெஷின் மேல சந்தேகம், ஜெயிக்கிறவனுக்கு நம்பிக்கை, இது பறவூர்ல தொடங்குனது இன்னும் மாறல. பொறவு சட்டத்த மாத்துனாங்க, 2001-ல தமிழ்நாடு, கேரளம் ரெண்டுலயும் எல்லாப் பூத்துலயும் மெஷின் வந்தாச்சு.

பேப்பரே நல்லதுன்னு டிரைவர் அண்ணன். அதுக்குத் தலைவர் மொடக்குறிச்சிய எடுத்தாரு, 1996-ல அங்க 1033 வேட்பாளர், விவசாயிங்க போராட்டமா நின்னாங்க, ஓட்டுச்சீட்டு புஸ்தகம் மாதிரி. அந்த வருசமே டெபாசிட்ட ஏத்திட்டாங்க, சட்டமன்றத்துக்கு 250 ரூவா 5,000 ஆச்சு. தம்பி, மெஷினோட சோர்ஸ் கோட, அதாவது மனுசன் எழுதுன புரோகிராம, வெளிய விட்டா பிரச்சனையே தீந்துச்சுன்னான். கடை அண்ணன் தலைய ஆட்டுனாரு. யூனிக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுன கென் தாம்சன், அதே 1984-ல வந்த கட்டுரையில தான் சொன்னாரு, சோர்ஸ் கோடு சுத்தமா இருக்கும், அத மொழிபெயர்க்கிற கம்பைலருக்குள்ள திருட்டு வாசல் இருந்தா லாகின் புரோகிராம்ல தானா வந்து ஒக்காரும், கம்பைலரோட சோர்ஸையும் சுத்தம் பண்ணிடலாம், பழைய கம்பைலர்ல போட்டா புதுசுலயும் அது வந்துடும், படிச்சுப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்போ சோர்ஸ வெளிய விட்டாலும் அந்த சிப்புக்குள்ள ஓடுறது அது தான்னு எப்படித் தெரியும் மக்கா? தம்பி அசந்துட்டான். அதனால தான் சீட்டு வேணுங்கிறது, மெஷினோட வைக்கிற விவிபேட்டுங்கிற சீட்டு அடிக்கிற பெட்டியில ஏழு செகண்ட் கண்ணாடிக்குள்ள தெரியுதே அது நம்ம கண்ணுக்கு. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்து சீட்ட எண்ணுறாங்க, எல்லாத்தையும் எண்ணுன்னு கேட்டத 2024 ஏப்ரல் 26-ல சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கல. 5 போதுமா, இன்னும் கூட்டணுமா, இது கணக்குக் கேள்வி, நம்ம சாரு போர்டுல எழுதத் தொடங்குனாரு. அதுக்குள்ள ஒருத்தரு இன்னொருத்தரு கட்சியோட தலைவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டாரு, போர்டு பாதியில நின்னுச்சு, ரெண்டு பேரும் ரெண்டு கூட்டம் பேசிக்கல. செயலாளரா எனக்கு இதுல ரொம்ப வருத்தம், அந்தக் கணக்கு முடிஞ்சிருந்தா ஒரு நல்ல கட்டுரை ஆயிருக்கும். போர்ட யாரோ துடைச்சுட்டாங்க.

லினக்ஸ் விசயம் சுருக்கமா. 2001-ல ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து அவரோட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு இந்தியக் கிளையத் தொடங்கி வச்சாரு, பொறவு கொஞ்சம் கொஞ்சமா கேரளத்துல ஸ்கூல் பிள்ளைங்க லினக்ஸுக்கு மாறிட்டு, நம்ம பக்கம் 2011-ல இலவச லேப்டாப் வந்துச்சு, பிள்ளைங்க பழகுனது விண்டோஸ். அதனால பாறசாலயில இருக்க என் அக்கா பிள்ளைக்கு விண்டோஸ் தெரியாது, மார்த்தாண்டத்துல இருக்க என் பிள்ளைக்கு லினக்ஸ் தெரியாது, ஓணத்துக்கு ரெண்டும் ஒரு வீட்டுல சேந்தா மதச்சண்ட மாதிரி தான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் முடிவு, 11 போட டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப்பு கேக்குது, நம்ம ஊர் பழைய மெஷின்ல பாதிக்கு அது இல்ல. கடை அண்ணன் "தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் போட்டுத் தரேன்"ங்கிறாரு, தம்பி "இது நம்பிக்கையா வியாபாரமா"ன்னு கேட்டான், அண்ணன் "ரெண்டும் தாம்டே"ன்னாரு. இந்த வருசம் நான் கேட்டதுல உள்ளபடி பேசுன பேச்சு அது.

இந்த அறிக்கைய ஏஐ-ய வச்சு எழுதிரலாமேன்னு தலைவர் சொன்னாரு, எழுதியும் பாத்தேன். எல்லா விவாதமும் "சுமுகமாகவும் ஆரோக்கியமாகவும் நடைபெற்றன"ன்னு வந்துச்சு. அழிச்சுட்டேன்.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பாரு, சுருக்கம்னா உறுப்பினர் 23, சந்தா கட்டுனது 14, சாயாக்கடைக்கு பாக்கி இருக்கு. ப்ரொஜெக்டர் பல்பு போயிட்டு, மாத்தணும். ரெண்டாவது கேக்க யாரு கணக்குல எழுதுறதுன்னு பொருளாளர் இப்பவும் கேக்குறாரு, அத வாக்கெடுப்புக்கு விடலாம், பேப்பர்லயா கைய தூக்கியான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.