குளக்கரையில் பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தியானம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தூக்கம் வரும், ரத்த அழுத்தம் குறையும், வேலையில் கவனம் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்ணை மூடி உட்காருவதன் பலன் உட்காருகிறவரோடு முடிந்துபோவதுபோல் கட்டுரை நின்றுவிட்டது. எங்கள் நாகை கடலோரத்தில் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1990-களில் எங்கள் பக்கத்து நஞ்சை வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டினார்கள். கடல் தண்ணீரை மோட்டார் வைத்து உள்ளே இழுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டுக் கிணறு கரிக்கத் தொடங்கியது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை எத்தனை நேரம் போட்டாலும் வேகாது, விறகுதான் தீரும். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தோம். குட்டைக் கழிவு வாய்க்காலில் இறங்கியது. நாற்று நுனி கருகி நின்றதைப் பார்த்து என் மாமனார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குட்டைகளை எதிர்த்து ஜனங்களோடு நின்றவர்கள் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும். ஏழைகளுக்காக நிலதானம் கேட்டு ஊர் ஊராக நடந்த வினோபா பாவேயின் பூதான நடையில் பழகிய காந்தியத் தம்பதி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இந்த மண்ணுக்கு வந்து, இங்கேயே தங்கிப்போனவர்கள். 1981-ல், உழுகிறவர்களுக்கு நிலம் பெற்றுத் தர லாப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி, நியாய விலை முடித்து, கடனுக்கு ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். அப்படி 13,000 ஏக்கருக்கு மேல் கைமாறியது.

வெண்மணியின் சாம்பலைப் பார்த்தவர்கள், நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து நிதானமாக விலை பேசினார்கள் என்பதை நான் இன்றும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு எங்கிருந்து தெம்பு வந்தது? கிருஷ்ணம்மாள் அம்மா வள்ளலார் வழியில் ஊறியவர். அருட்பெருஞ்ஜோதியை வேண்டாமல் அவர் ஒரு காரியத்தில் இறங்கமாட்டார். ஐயாவுக்கு உண்ணாவிரதமும் நடைப்பயணமும் பிரார்த்தனையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. காந்தி திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்த வழியில் வந்தவர்கள் அல்லவா!

ஐயா தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள், அதாவது கடலையொட்டிக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நிலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. எங்கள் தெருவில் அன்று பாயசம் வைத்தோம். ஆனால் பண்ணைகள் ஒழிந்துபோகவில்லை. 2005-ல் வந்த சட்டம் கடலோர நீருயிர் வளர்ப்புக்கு முறைப்படி இடம் கொடுத்தது. வென்ற வழக்கு கையைவிட்டு நழுவுவதைப் பார்த்தபின் நம்மில் எத்தனை பேர் மறுநாள் காலை எழுந்து அடுத்த ஊருக்கு நடப்போம்? 2013-ல் ஐயா மறையும்வரை அந்த இருவரும் ஏழைகளைவிட்டு விலகவே இல்லை. கோபம் மட்டும் துணையாக இருந்திருந்தால் அத்தனை காலம் தாங்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவர்களைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தை மீட்கப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். முதல் வருடம் கூட்டம் போட்டாலே சண்டைதான். யார் எந்தத் தெரு, எந்தக் கட்சி என்பதிலேயே பொழுது போகும். பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். வேலைக்கு முன் படித்துறையில் பதினைந்து நிமிடம் யாரும் பேசாமல் உட்காருவது. மந்திரம் கிடையாது. தண்ணீரைப் பார்க்கலாம், கண்ணை மூடலாம்.

போன வருடம் குளத்துக்குள் ஒருவர் வரப்புப் போட்டு மண் கொட்டினார். மனு கொடுக்கப் போனால் ஓர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் நிற்கவைத்து, “அடுத்த வாரம் வாங்கம்மா” என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். எங்கள் குழுவிலேயே இளையவன், என்னிடம் படித்த பையன், “ராத்திரியோட ராத்திரியா வரப்பை வெட்டிவிட்டுடுறேன் டீச்சர்” என்று குதித்தான். நானும் அவனைத் தடுக்கும் மனநிலையில் இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல் உட்கார்ந்தோம். எழுந்ததும் அவனே சொன்னான்: “அவரும் இந்தக் குளத்துல நீச்சல் பழகினவர்தான் டீச்சர். நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்.” நாலு தடவை போனான். இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பாதி வரப்பு எடுபட்டது. மீதிப் பாதிக்கு மனுவும் நடையும் தொடர்கின்றன.

அநியாயத்தைப் பொறுத்துப்போகத்தானே இதெல்லாம் பழக்குகிறது என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. உட்கார்ந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனால் அவள் சொல்வது சரி. நாங்கள் உட்கார்ந்து எழுந்ததும் மண்வெட்டியைத்தான் எடுக்கிறோம்.

அடுத்த முறை தியானம் பற்றி எழுதும்போது, குளத்துக்கும் வயலுக்கும் வனத்துக்கும் வருடக்கணக்கில் உழைக்கிறவர்களைத் தேடிப் போய், விடிகாலையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் ஊருக்கு வருவதானால் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். ஆறரைக்கு ஆகாயத்தாமரை அள்ள இறங்கிவிடுவோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகப்பட்டினம் மாவட்டம்