தன்பியூசயாட்டில் இல்லாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் போர்க் கல்லறைகள் பற்றிய கட்டுரையில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டபோது மாண்டவர்கள், பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே உள்ள தன்பியூசயாட்டில் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. மாண்டவர்களில் மிகச் சிறு பகுதியினரே அங்கே இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்குள்ள கல்லறைகளில் காமன்வெல்த் நாட்டவருடையவை 3,149, டச்சுக்காரர்களுடையவை 621. மோல்மீனிலிருந்து நீக்கே வரையிலான முகாம்களில் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்த போர்க்கைதிகளைத்தான் போருக்குப் பின் ராணுவக் கல்லறைப் பிரிவினர் எடுத்துவந்து இங்கே சேர்த்தார்கள். அவ்வளவு காட்டுக்குள் பெரும்பாலோரை அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம் உண்டு. கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார், என்று, எந்த நோயில் இறந்தார் என்பதைக் காவலர் கண்ணில் படாமல் குறித்துவைத்து, சில குறிப்புகளை இறந்தவர்களோடு சேர்த்தே புதைத்தும் காப்பாற்றினார்கள்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிவரப்பட்ட தமிழர்களுக்கும், பர்மாவில் ‘வியர்வைப் படை’ என்ற பெயரால் ஊர் ஊராகக் கூலி வேலைக்குத் திரட்டப்பட்டவர்களுக்கும் அப்படிப்பட்ட முறையான பதிவு எதுவும் இருக்கவில்லை. கைதிகளில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள் என்றால், கூலிகளில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். முன்னது கணக்கு, பின்னது மதிப்பீடு. வேற்றுமை இதிலேயே தெரிந்துவிடுகிறது. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கூலி முகாம்களில் பிணங்களைக் குழி குழியாகத் தள்ளி மூடினார்கள்.

உடல் கிடைக்காததால் பெயரும் இல்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. பழைய புரோம் சாலையில், ரங்கூனுக்கு வடக்கே உள்ள தௌக்யான் கல்லறைத் தோட்டத்தைக் கட்டுரையாளரே பாராட்டியிருக்கிறார். 1958-இல் திறக்கப்பட்ட அங்குள்ள ரங்கூன் நினைவகத்தின் தூண்களில், கல்லறையே இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. அவர்கள் பெயர் படைப் பட்டியலில் இருந்தது, ஆகவே கல்லுக்கு வந்தது.

என் தாத்தாவின் தம்பி முடோன் பக்கத்து வயல் ஒன்றில் நடவு வேலையில் இருந்தபோது ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டவர். திதி தெரியாததால் அப்பாயி ஆடி அமாவாசையன்றுதான் அவருக்கு இலை போடுவார். அந்த இலையில் மறக்காமல் ஒரு துண்டு கருவாடு இருக்கும், அது அவருக்குப் பிடிக்கும் என்பதால். (அமாவாசைப் படையலில் கருவாடா என்று கேட்ட பூசாரிக்கு அப்பாயி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.) சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைத் தன்பியூசயாட்டுக்கு அழைத்துச் சென்றார். இங்கிலீஷ் தெரியாத அவர், தாழ்வான பீடங்களில் பதித்த வெண்கலத் தகடுகளை ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நடந்தார். நான்காவது வரிசையில், “போதும், வா” என்றார்.

கல் வைப்பது நம் கையில் இல்லாவிட்டாலும் பட்டியல் எடுப்பது நம் கையில் இருக்கிறது. மோல்மீன், முடோன், தன்பியூசயாட் குடும்பங்களிலும் கோயில் ஏடுகளிலும் இன்னும் நினைவில் நிற்கும் பெயர்களை, ஊர், வயது, கொண்டுபோன ஆண்டு ஆகியவற்றோடு தங்கள் இதழ் மாதந்தோறும் வெளியிட வேண்டுகிறேன். எங்கள் வீட்டுப் பெயரைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வயது பத்தொன்பதா இருபதா என்பதில் மட்டும் வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மோல்மீன்.