கீசர் பிளக் ஏன் கருகுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வாட் குறைந்த கீசர் வாங்கினால் கரண்ட் மிச்சம்' என்று உங்கள் நாளிதழின் மின்சிக்கனக் குறிப்பில் வந்திருந்தது. அது சரியல்ல. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 53 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.44 யூனிட் வேண்டும். 2,000 வாட் கீசர் அதை 13 நிமிடத்தில் முடிக்கும். 3,000 வாட் என்றால் 9 நிமிடம். மீட்டரில் ஏறுவது இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டுக்குள் போகும் மின்சாரம் முழுக்க வெப்பமாகிவிடும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். சூடான தண்ணீரை டேங்க் எவ்வளவு நேரம் ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்பதற்குத்தான் ஸ்டார் கொடுக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் எலிமென்ட்டின் மேல் வெள்ளையாகப் படிவு ஏறும். இதனால் பில் எகிறும் என்பார்கள், பெரிதாக எகிறாது. உண்டாகிற வெப்பம் கொஞ்சம் தாமதமாகவாவது தண்ணீருக்குத்தான் வந்து சேரும். ஆனால் வெப்பம் சட்டென்று வெளியேற வழியில்லாமல் எலிமென்ட் அளவுக்கு மீறிக் காயும், கடைசியில் அதன் உறை வெடித்து எர்த் ஆகும், அதாவது கரண்ட் வெளியே கசியும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவு வேகமாகச் சேரும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 50, 55-க்குள் வைப்பது நல்லது.

உண்மையான நஷ்டமும் ஆபத்தும் பிளக்கில் இருக்கிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டும் வீடுகள் ஏராளம். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட்டைக் கரண்ட்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் சூடு தெரியும்: 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் சுமார் 38 வாட். ரேடியோ ரிப்பேர்காரரின் சால்டரிங் அயர்ன் சூடு அது; ஒரு பின்னின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பாகும், மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை வரும். கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைகிற எம்.சி.பி. சுவிட்சும் விழாது. தடை கூடியதால் கரண்ட் துளி குறைந்திருக்குமே தவிர கூடியிருக்காது. அதற்கு எப்படித் தெரியும்?

மிக்சியிலும் ஃபேனிலும் இதே கணக்குதான். ஜாரில் தேங்காய் இறுகி பிளேடு நின்றுவிட்டால், சுழற்சியாக வேண்டிய மின்சாரம் காயிலில் சூடாகும். அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் அதற்காகத்தான். கெப்பாசிட்டர் போன ஃபேன் முனகிக்கொண்டு நின்றால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்.

கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், எம்.சி.பி.யிலிருந்து தனியாக வரும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் வேண்டும். பத்து நிமிடம் ஓடியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை பொறுக்காத சூடு கூடாது. கருகியிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. தளர்ந்த பிடி சாக்கெட்டில்தான் இருக்கிறது, புதுப் பிளக்கையும் அது கருக்கிவிடும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு),
ஈரோடு.