பயிற்சிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கருத்துச் சுதந்திரம், மனித உரிமைச் சட்டம் பற்றி வழக்கறிஞர்களுக்கு நாங்கள் நடத்திய பயிற்சி நல்லபடியாக முடிந்தது. நிறைவு விழாவில் பெயர்களை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு இறங்க வேண்டியிருந்தது. யார் என்ன செய்தார்கள் என்று சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, பாடத்திட்டத்தை வகுத்த பேராசிரியருக்கு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் கருத்துச் சுதந்திரம் பற்றிய 19ஆம் பிரிவை விளக்கி அவர் தொடங்கவில்லை. ஒரு தடை உத்தரவைக் கையில் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறதா? அரசு சொல்லும் காரணம் உடன்படிக்கை ஏற்கும் காரணங்களில் ஒன்றா? அந்தக் காரணத்துக்கு இவ்வளவு கடுமை தேவைதானா, இதைவிடக் குறைந்த வழி இல்லையா? நம்மில் பலர் முதல் கேள்வியிலேயே வாதத்தை முடித்துவிடுகிறோம். மூன்றாவதில்தான் அரசுத் தரப்பு அதிகம் திணறும் என்று பயிற்சி வழக்குகளில் பார்த்தோம். இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 19ஆம் பிரிவுக்கு விளக்கமாக 2011இல் வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரையும் இதைத்தான் வலியுறுத்துகிறது: என்ன ஆபத்து, அதற்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன நேரடித் தொடர்பு என்று அரசுதான் காட்ட வேண்டும். நம்மிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் நல்லவர், அவர் எழுதியதில் தப்பில்லை என்று நிரூபிக்கும் சுமையை நாமாகவே தலையில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பேராசிரியர் விட்டுவைக்கவே இல்லை. ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினார்.

மாதிரி நீதிமன்றத்தில் அமர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அடுத்த நன்றி. புண்படுத்தும், அதிரவைக்கும், கலங்கவைக்கும் பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976இல் ஹேண்டிசைட் வழக்கில் சொன்னதை அணிக்கு அணி மேற்கோள் காட்டினார்கள். "சரி, அந்த வழக்கில் ஜெயித்தது யார்?" என்று கேட்டார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பேச்சுரிமை கேட்டு வழக்குத் தொடுத்த பதிப்பாளர் ஹேண்டிசைட்தான் தோற்றவர். எதிர்த்தரப்பு அதை எடுத்துச் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று துருவினார். அப்புறம் எல்லோரும் தீர்ப்புகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கத் தொடங்கினோம். அப்படிப் படித்ததில் மிகவும் பயன்பட்டது, 2014இல் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் கொனாட்டே வழக்கில் அளித்த தீர்ப்பு. புர்கினா ஃபாசோவில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அவதூறுக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது உரிமை மீறல் என்று அது சொன்னது. அவதூறு வழக்கு நடத்தும் யாரும் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

அரசுத் தரப்பில் வாதாட ஒப்புக்கொண்ட அரசு வழக்கறிஞருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் வராமல் இருந்திருந்தால் ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுக் கலைந்திருப்போம். அதே உடன்படிக்கையின் 20ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, வன்முறையைத் தூண்டும் வெறுப்புப் பேச்சைச் சட்டம் தடுத்தே ஆக வேண்டும் என்று எங்களை மடக்கினார். வெறுப்புப் பேச்சு எப்போது தண்டிக்கத்தக்க தூண்டுதலாகிறது என்று அளக்க ஐ.நா. முயற்சியில் உருவான 2012ஆம் ஆண்டின் ராபாத் செயல்திட்டம் சொல்லும் ஆறு அளவுகோல்களையும், அதாவது சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு ஆகியவற்றை, உண்மையில் பொருத்திப் பார்க்கக் கற்றது அந்த மோதலில்தான்.

கைதான அனுபவத்தைப் பகிர்ந்த பத்திரிகையாளர் வழக்கறிஞரிடம் எதிர்பார்த்தது வேறு. வீட்டுக்கு யார் சொல்வது, மாத்திரையை யார் கொண்டுவருவது, பறித்த ஃபோனில் இருக்கும் செய்தி மூலங்களை யார் காப்பாற்றுவது. அவருக்குப் பிறகு பேசிய தொழில்நுட்ப நண்பர், கருவியைக் கைப்பற்றும்போதே ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே இருக்கும் தரவிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது ஏன் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார். உள்ளே இருக்கும் தரவு பிறகு மாற்றப்பட்டதா என்று சரிபார்க்க அது வேண்டும். இருவரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. நாங்கள் அதிகம் கற்றது இவர்களிடம்தான்.

ஐ.நா. குழுவுக்கு மனு எழுதப் பழக்கிய தோழிக்கும் நன்றி. உள்நாட்டுப் பரிகாரங்களை, அதாவது நம் நாட்டு நீதிமன்றங்களில் இருக்கும் வழிகளை, முடித்துவிட்டுத்தான் அங்கே போக முடியும். ஆகவே உரிமை வாதத்தைக் கீழ் நீதிமன்றத்திலேயே எழுப்பிப் பதிவில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர் சொன்னதைப் பலர் மனுக்களின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நிதி கொடுத்தவர்கள் பேச்சாளர் பட்டியலில் கைவைக்கவில்லை. இந்தத் தலைப்புக்கு அது சிறப்பு. மொழிபெயர்ப்பாளர்கள், பதிவு மேசையில் இருந்தவர்கள், ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டே இருந்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. ஜூனியர்களை அனுப்பிவிட்டு அவர்களின் வழக்குகளில் தாங்களே ஆஜரான சீனியர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. நீங்கள் வாய்தா வாங்காமல் நின்றதால்தான் இங்கே நாற்காலிகள் நிறைந்தன.

நீதிபதி திருத்திக் கொடுத்த மாதிரி மனுக்கள் எங்களிடம் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த பயிற்சிக்கும் அரசு வழக்கறிஞர் வரச் சம்மதித்துவிட்டார். அவரை எதிர்த்து வாதாட நினைப்பவர்கள் 20ஆம் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்